வலையைச் சோதித்த சிலந்திகள்

மாணவர்களுக்கென நான் தொகுத்த உசாத்துணைக் கையேடு ஒன்று இரண்டாம் பதிப்புக்கு ஆயத்தமாகி வருகின்றது. முதற் பதிப்பு வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. தமிழிலக்கிய வரலாறு கற்போர் எதனை எங்கே தேடலாமெனச் சொல்லும் அச்சிறு நூலின் இறுதியிலே, இணையத்திற் கிடைக்கும் கட்டுரைகளுக்கும் பழைய நூல்களுக்கும் உரிய 112 முகவரிகளைச் சேர்த்திருந்தேன். அச்சுக்குக் கொடுக்குமுன் அவற்றையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துவிடலாமென்று கணனியின் முன் அமர்ந்தேன். ஓரிரவில் முடியுமென எண்ணிய வேலை மூன்று இரவுகளை விழுங்கிற்று.

மூன்றாம் இரவு, முன்னர் என்னிடம் பயின்ற மாணவரொருவர் வீட்டுக்கு வந்தார். கணனித் துறையிலே தொழில் பார்ப்பவர். ஒவ்வொரு முகவரியாகத் திறந்து பார்த்துக் கொப்பியிலே குறித்துக்கொண்டிருந்த என்னைக் கண்டு, "சேர், இதுக்குப் போய் ஏன் மினக்கெடுறியள்? நான் ஒரு புறோகிராம் எழுதித் தாறன்" என்றார். சொன்னபடியே, இருந்த இடத்திலிருந்து, நாற்பது வரிக்கு மேற்படாத செய்நிரலொன்றை எழுதி ஓடவிட்டார். தேநீர் ஆறுமுன் விடை வந்துவிட்டது. 112 முகவரிகளில் 71 நல்லன, 41 இறந்தன.

என் கொப்பியோ 64 மட்டுமே நல்லன என்றது.

இறந்தவற்றைப் பற்றி எங்களிடையே கருத்து வேறுபாடில்லை. இடையே நின்ற ஏழு முகவரிகளே வழக்குக்குரியனவாயின. "மெசின் பிழை விடாது, சேர்" என்றார் அவர். பிழை என்னுடையதாகவும் இருக்கலாமன்றோ! அவ்வேழு முகவரிகளையும் இருவருமாக மீண்டும் திறந்தோம். மூன்று முகவரிகள், தேடிய கட்டுரைக்குப் பதிலாக, அதனை ஒருகாலத்தில் வெளியிட்டிருந்த நிறுவனத்தின் முகப்புப் பக்கத்திலே கொண்டுபோய் விட்டன. இரண்டிலே, 'இம்முகவரி விற்பனைக்குண்டு' என்ற அறிவிப்புத் தொங்கிற்று. ஒன்று கடவுச்சொற் கேட்டது. யாப்பிலக்கணம் பற்றிய அருமையான கட்டுரையொன்று இருந்த ஏழாவது விலாசத்திலே இன்று சப்பாத்து விற்கிறார்கள்.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. தட்டிய கதவு திறந்ததா என்று பார்த்துவரும்படி அதற்குப் பணித்திருந்தோம். அது பார்த்துவந்து சொன்னது. திறந்தவர் யாரென்று அது கேட்கவில்லை. கேட்கும்படி நாங்களும் பணிக்கவில்லை. இவ்வளவுதானா விடயம் என்று நான் விட்டிருக்கலாம். ஆயினும், இத்தகைய சோதனைச் செய்நிரல்கள் எப்பொழுது, எவரால், எதற்காக முதன்முதல் எழுதப்பட்டன என்று அறியும் ஆவல் மேலிட்டது. அந்த ஆவல் என்னை முப்பது ஆண்டுகளுக்கு முந்திய கதையொன்றினுள் இழுத்துச் சென்றது.

அக்கதை சுவிற்சர்லாந்திலே, ஜெனீவா நகருக்கு அண்மையில் உள்ள சேர்ண் என்னும் அணுத்துகள் ஆய்வுகூடத்தில் ஆரம்பமாகின்றது. 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே ரிம் பேர்ணேர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். அவரைத் தூண்டிய கவலை மறதி பற்றியது. அங்கு வந்து பணிபுரிவோர் பலர் இரண்டாண்டளவிலே போய்விடுகின்றனர். அவர்கள் அறிந்தவை அவர்களோடு போய்விடுகின்றன. எங்கோ எழுதப்பட்டிருப்பினும் தேடிக் கண்டுபிடிக்க முடிவதில்லை. இதற்குப் பரிகாரமாக அவர் கண்டதே, ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்கு இழையோடும் உலகவலை. மறதிக்கு மருந்தாகப் பிறந்த ஒன்றிலேயே 41 முகவரிகளை நான் தொலைத்திருக்கிறேன் என்பதை இங்கே குறிப்பிடாமலிருக்க முடியவில்லை.

ஏடுகளை இவ்வாறு இணைக்கும் எண்ணம் அவருக்கு முன்னரே இருந்தது. அமெரிக்கரான ரெட் நெல்சன் 1960களிலேயே இதற்கு ஒரு பெயரும் இட்டு, இணைப்பு என்பது இருபுறமும் அறியப்பட்டதாயிருத்தல் வேண்டுமென்று வாதித்துவந்தார். வேறு சில அமைப்புக்கள் எல்லா இணைப்புக்களையும் ஒரே மையப் பதிவேட்டில் வைத்துக் காத்தன. ஏடொன்றை அகற்றினால் அதனைச் சுட்டிய இணைப்புக்களும் அக்கணமே தெரியவரும். பேர்ணேர்ஸ்-லீ இந்தக் காவலைக் கைவிட்டார். அவருடைய வலையிலே எவரும் எவருடைய பக்கத்தையும் சுட்டலாம், அநுமதி வேண்டியதில்லை. அவ்வாறே எவரும் தம் பக்கத்தை அகற்றலாம். சுட்டியவர்களுக்கு அறிவிக்க வேண்டியதுமில்லை. அறிவிக்க நினைத்தாலும் யார் யார் சுட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது. 1991 டிசம்பரில் அமெரிக்காவின் சான் அந்தோனியோ நகரிற் கூடிய இத்துறை அறிஞர் மாநாடு அவர் தரப்புக் கட்டுரையை ஏற்கவில்லை. செய்துகாட்ட மாத்திரம் இடமளித்தது.

இணைப்பு அறுந்துபோவதற்கு இடம்வைத்த அந்த முடிவைக் கவலையீனமென்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இப்பொழுது அப்படி எண்ணுவதில்லை. மையப் பதிவேடொன்று இருந்திருந்தால் அதற்கொரு காவலரும், அவரிடம் விண்ணப்பமும், விண்ணப்பத்துக்குக் கட்டணமும் வந்திருக்கும். ஆய்வுகூடத்து மதிலைத் தாண்டி வலை வெளியே வந்திராது. 1993 ஏப்பிரல் 30ஆம் நாள் சேர்ண் நிறுவனம் அதன் செய்நிரல்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென்று உலகுக்கு விட்டுக்கொடுத்தபோது, பெருகுவதற்குத் தடையாக எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெருக்கத்துக்குக் கொடுத்த விலையே அறுந்த இழை. '404, காணப்படவில்லை' என்று நாம் அடிக்கடி காணும் விடை, அறுந்த இழை ஒன்றுக்குச் சேவையகம் கூறும் விடையாகும். (சேர்ண் கட்டிடத்திலே 404 என்றோர் அறை இருந்ததென்றும், அதிலிருந்தே இந்த எண் வந்ததென்றும் உலவும் கதை வெறுங் கதையே.)

ஆரம்பத்திலே உலகிலுள்ள வலைச் சேவையகங்களின் பட்டியலைப் பேர்ணேர்ஸ்-லீ தம் கையாலேயே எழுதிவந்தார். எண்ணிக்கை சிறிதாயிருந்தவரை அது இயன்றது. 1993இன் நடுப்பகுதியிலே, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து மாணவரான மத்தியூ கிறே என்பவர், வலை எவ்வளவு பெரிதென்று அறிய விரும்பிப் பேர்ள் என்னும் கணனி மொழியிலே ஒரு செய்நிரலை எழுதினார். 'உலகவலை நாடோடி' என்பது அதன் பெயர். அதன் உபாயம் எளிது. ஒரு பக்கத்தைத் திறப்பது; அதிலுள்ள இணைப்புக்களையெல்லாம் ஒரு பட்டியலில் எழுதுவது; பட்டியலில் அடுத்துள்ளதைத் திறப்பது; அதிலுள்ள புதியனவற்றைப் பட்டியலிற் சேர்ப்பது; சென்ற இடத்துக்கு மீண்டும் செல்லாதிருக்க அடையாளமிடுவது. பட்டியல் தீரும்போது, அடையக்கூடிய பக்கங்களெல்லாம் அடையப்பட்டிருக்கும். எது எதனைச் சுட்டுகின்றதென்ற குறிப்பும் கையிலிருக்கும். அக்குறிப்பே வலையின் வரைபடம்.

நாடோடி 1993 யூனில் 130 தளங்களைக் கண்டது. அவ்வாண்டு டிசம்பரில் 623. 1994 யூனில் 2,738. டிசம்பரில் 10,022. ஒன்றரை ஆண்டில் எழுபத்தேழு மடங்கு! கையால் எழுதும் பட்டியல்கள் ஏன் கைவிடப்பட்டனவென்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இசுக்கொத்துலாந்திலே ஸ்ரேர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் பிளெச்சர் என்ற இளைஞர் வலைச் சேவையகத்தைப் பராமரித்துவந்தார். அக்காலத்தில் 'புதியன யாவை' என்ற பட்டியலொன்று பலராலும் பார்க்கப்பட்டது. அதிலுள்ள பக்கங்கள் பின்னர் மாறியிருந்தால் அறிய வழியில்லை. மீண்டும் மீண்டும் சென்று கையாற் பார்த்தல் வேண்டும். நான் மூன்று இரவுகள் செய்த அதே வேலை! அவர் என்னிலும் புத்திசாலி. தமக்காகச் சென்று பார்த்துவரும் செய்நிரலொன்றை எழுதினார். 1993 டிசம்பரில் அது தன் முதலாவது யாத்திரையை முடித்தபோது 25,000 பக்கங்கள் சேர்ந்திருந்தன. தலைப்புக்களையும் உபதலைப்புக்களையும் சொல்லிட்டுத் தேடும் வசதியையும் அவர் சேர்த்தார். ஊர்ந்து திரட்டல், அட்டவணைப்படுத்தல், தேடுதல் மூன்றும் ஒன்றாயமைந்த முதற் கருவி அதுவேயென்பர். எனினும் அதனைத் தாங்கிநடத்தப் பண உதவி கிடைக்கவில்லை. 1994இன் இறுதியில் அவர் வேலைதேடி யப்பானுக்குப் போய்விட்டார். சோதிக்கப் பிறந்த கருவியே தேடற் கருவியாயிற்று என்பதை இங்கே மனங்கொள்ளல் வேண்டும்.

இந்தச் சிலந்திகள் எல்லாம் நன்னடத்தையுள்ளனவாக இருக்கவில்லை. இயற்கைச் சிலந்தி தான் நூற்ற வலையிலே நடக்கும். இவை பிறர் நூற்ற வலையிலே நடந்தவை. 1993, 1994ஆம் ஆண்டுகளிலே சில சிலந்திகள் ஒரே சேவையகத்தைச் சரமாரியாகத் தட்டி அதனைத் திணறடித்தன. சில, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தன. சில, ஆழங்காணாப் பொறிகளில் விழுந்தன: 'அடுத்த மாதம்' என்ற இணைப்புள்ள நாட்காட்டிப் பக்கமொன்றிலே புகுந்த சிலந்தி, மாதங்கள் முடியும்வரை ஓயாது, மாதங்களோ முடிவதில்லை. வாக்களிக்கும் இணைப்பொன்றைத் தொட்டு, தான் அறியாமலே வாக்களித்துவிட்டுப் போனவையும் உண்டு. அந்நாளையச் சேவையகங்கள் பல, யாரோ ஒருவருடைய மேசைக்கணனிகளே. பிற பணிகளின் நடுவே அவை பக்கங்களையும் பரிமாறின.

இங்கிலாந்திலே நெக்சோர் என்ற நிறுவனத்திற் பணிபுரிந்த மார்ட்டைன் கோஸ்டர் இதற்கொரு வழி கண்டார். முதலில் அவர் சிலந்திகளே வேண்டாமென்னும் வகையில் ஒன்றை முயன்றிருந்தார். பக்கத்துக்குரியவர் தாமே தம் பக்கங்களின் பட்டியலை எழுதி ஓரிடத்தில் வைப்பார். அதனை மாத்திரம் எடுத்துத் தொகுத்தால் தேடற் பட்டியல் ஆயத்தம். 1993 இறுதியில் வந்த இந்த ஏற்பாட்டின் பெயர் அலிவெப். நேரிய எண்ணந்தான். ஆனால் ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சாமான்களுக்குத் தாமே பட்டியல் எழுதவேண்டுமென்ற நிபந்தனை உலகத்தில் எங்கே நிறைவேறியிருக்கிறது? நூல்நிலையத்திற் பணிபுரிந்தவர்கள் என்னோடு உடன்படுவர்.

1994 யூனிலே அவரும் சிலந்தி எழுதுவோர் பிறரும் கூடி ஓர் இணக்கத்துக்கு வந்தனர். தளத்துக்குரியவர் தம் படலையிலே 'றோபோற்ஸ்' என்ற பெயருள்ள சிறு ஏடொன்றைத் தொங்கவிடுவார். இன்ன இன்ன பகுதிக்குள் வரவேண்டாமென்று அதில் எழுதியிருக்கும். நல்ல சிலந்தி உள்ளே புகுமுன் அதனை வாசித்து நடக்கும். சட்டமில்லை, பூட்டில்லை, தண்டமில்லை. மரியாதை ஒன்றே காவல். இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த வாய்ப்பேச்சு உடன்படிக்கை அவ்வாறே நின்று, 2022 செப்டெம்பரிலேதான் முறையான இணைய நியமமாக எழுதப்பட்டது. அப்பொழுதும் அது கட்டாயமாக்கப்படவில்லை.

இனி, என் மாணவருடைய நாற்பது வரிக்கு நேர் மூதாதையாக நான் கருதும் செய்நிரலைப் பற்றிச் சொல்லல் வேண்டும். 1994 மே மாதம் 25ஆம் நாள் முதல் 27 வரை ஜெனீவாவிலே முதலாவது உலகவலை மாநாடு கூடிற்று. அங்கே கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த றோய் பீல்டிங் என்னும் ஆராய்ச்சி மாணவர் 'மொம்ஸ்பைடர்' என்ற தம் படைப்பை விளக்கினார். 'பல உரிமையாளர் பராமரிப்புச் சிலந்தி' என்பது அப்பெயரின் விரிவு. முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் 'அம்மா' என்றாகும். பிள்ளைகள் சிதறிப்போட்டவற்றை ஒழுங்குசெய்பவளின் பெயர் தற்செயலாய் அமைந்ததென்று நான் நம்பவில்லை.

பீல்டிங் கண்ட பிரச்சினை, பிறர் அதிகம் நினையாத ஒன்று. ஒரு பல்கலைக்கழகத்துத் தளத்திலே பக்கங்கள் பலருக்குரியன. ஒருவர் பாடக்குறிப்பை வைத்திருப்பார். மற்றவர் ஆய்வறிக்கையை வைத்திருப்பார். மூன்றாமவர் படிப்பு முடிந்து போய்விட்டிருப்பார். அறுந்த இணைப்பைக் கண்டுபிடித்துவிட்டால் மாத்திரம் போதாது, யாரிடம் சொல்வது? ஆகவே அவருடைய சிலந்தி, தளம் முழுவதையும் சோதிக்கவும், ஒரு கிளையை மாத்திரம் சோதிக்கவும், இன்னார்க்குரியதெனத் தலைப்பிற் குறித்த பக்கங்களை மாத்திரம் சோதிக்கவும் வல்லதாயிருந்தது. சோதித்து முடிந்ததும் உரியவருக்கு மின்னஞ்சல் அனுப்பும்: இன்ன இணைப்பு அறுந்துவிட்டது, இன்னது இடம்பெயர்ந்துவிட்டது, இன்னது அண்மையில் மாற்றப்பட்டது, இன்னது காலாவதியாகப்போகிறது என்று. போன இடங்களின் தலைப்புக்களையும் இணைப்புக்களையும் காட்டும் அட்டவணையொன்றையும் அது வலைப்பக்கமாகவே எழுதிவைக்கும்.

அதன் மரியாதையும் குறிப்பிடத்தக்கது. தன் பெயரையும் தன்னை ஏவியவரின் விலாசத்தையும் சொல்லியே அது கதவைத் தட்டிற்று. படலையிலே தொங்கிய அறிவிப்பைப் பார்த்தது. ஒரே தளத்தைத் தொடர்ந்து தட்டாமல் இடையிடையே ஓய்ந்தது. முக்கியமாக, பிறர் பக்கம் இருக்கிறதா என்று மாத்திரம் அறியவேண்டிய வேளையிலே பக்கத்தைக் கேட்கவில்லை. தலைக்குறிப்பை மாத்திரம் கேட்டது. வலையின் உரையாடல் விதிகளிலே இதற்கென்று தனிச் சொல்லுண்டு. படலையடியில் நின்று "வீட்டுக்காரர்!" என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து விடை வந்ததும் திரும்பிவிடுவது போன்றது அது. முற்றத்தை மிதிப்பதில்லை, எவரையும் எழுப்பி உட்காரவைப்பதில்லை. இந்த உரையாடல் விதிகளின் அடுத்த வடிவத்தை எழுதிய முதன்மையானோருள் பின்னர் பீல்டிங்கும் ஒருவரானார் என்பது பொருத்தமே.

என் ஏழு முகவரிகளின் மர்மமும் அங்கேயே இருக்கிறது. படலையடியில் நின்று கேட்பவனுக்கு, உள்ளே குரல் இருக்கிறது என்பது தெரியும். குரல் யாருடையது என்பது தெரியாது. '200, சரி' என்ற விடை, ஏதோ ஒன்று தரப்பட்டது என்பதற்கு மேல் எதனையும் சொல்வதில்லை. 1994இலே இது பெருங் குறையாகத் தோன்றியிராது. அன்று பக்கங்கள் இறந்தன, வேடம் மாறவில்லை. கைவிடப்பட்ட முகவரியை வாங்கிச் சப்பாத்து விற்பது இலாபமாகும் காலம் அப்பொழுது வந்திருக்கவில்லை.

இந்த வேறுபாடு பெரிய கணக்கெடுப்புக்களிலும் தெரிகின்றது. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் நூற்றுக்கு 38 பத்தாண்டுகளின் பின் எட்டாதனவாகிவிட்டன. ஏறக்குறைய என் கையேட்டின் விகிதமே. ஆனால் அவர்கள் எண்ணியவை, இல்லையென்று விடை வந்தவையும் விடையே வராதவையுமாம். உள்ளடக்கம் மாறிய பக்கங்கள் அக்கணக்கில் இல்லை. மாறாக, ஹாவார்ட் சட்டக் கல்லூரியைச் சேர்ந்த சித்ரெயின், அல்பேர்ட், லெசிக் ஆகிய மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்விலே, சுட்டப்பட்ட பொருள் அவ்விடத்தில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கப்பட்டது. அமெரிக்க உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கள் சுட்டிய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, சுட்டிய பொருளைக் கொண்டிருக்கவில்லை. சட்டத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவற்றின் கதி இதுவானால், என் கையேட்டை நம்பி வீட்டுவேலை செய்யவந்த மாணவியின் கதி என்ன? யாப்பைத் தேடிப்போய்ச் சப்பாத்தைக் கண்டவள், பிழை தன்னுடையதென்றே எண்ணியிருப்பாள்.

இறந்த 41 முகவரிகளையும் நான் அப்படியே விட்டுவிடவில்லை. 1996 முதல் வலைப்பக்கங்களைப் படியெடுத்துச் சேமித்துவரும் இணைய ஆவணக் காப்பகத்திலே தேடினேன். 23 கட்டுரைகள் கிடைத்தன. சப்பாத்துக் கடைக்குப் பின்னால் மறைந்த யாப்புக் கட்டுரையும் அங்கே இருந்தது. இதிலுமொரு வேடிக்கை. கோஸ்டரின் படலை அறிவிப்பை மதித்து, இன்று ஒரு தளத்திலே 'வராதே' என்று எழுதியிருந்தால், முன்பு சேமித்த பழைய படிகளையும் காட்டாமல் விடுவது அக்காப்பகத்தின் வழக்கமாயிருந்தது. முகவரியை வாங்கிய புதியவர் தொங்கவிட்ட பலகை, பழையவர் எழுதியவற்றையும் மூடிவிடும். 2017இலே அவ்வழக்கத்திலிருந்து விலகிச் செல்வதாகக் காப்பகம் அறிவித்தது. அதற்குமுன் தேடியிருந்தால் யாப்புக் கட்டுரை என் கைக்கு எட்டாமற் போயிருக்கவுங்கூடும்.

சென்ற வாரம் மாணவர் மீண்டும் வந்தார். நாற்பது வரி இப்பொழுது அறுபதாகியிருந்தது. கதவு திறந்ததும் திரும்பிவிடாமல், உள்ளே சென்று, கையேட்டில் அச்சிட்டுள்ள கட்டுரைத் தலைப்பு அப்பக்கத்திலே எங்கேனும் உண்டா என்று தேடும்படி திருத்தியிருந்தார். ஓடவிட்டோம். உயிருள்ளவையென்று முன்னர் சொன்ன 71இலே ஒன்பதனைச் சந்தேகத்துக்குரியனவென்று அது ஒதுக்கிற்று. ஏழும் நாங்கள் அறிந்தவை. மற்றைய இரண்டும் நான் என் கண்ணாற் கண்டு நல்லனவென்று குறித்தவை.

"இப்ப மெசினோ, சேரோ பிழை?" என்று அவர் சிரித்தார். இரண்டையும் திறந்தேன். ஒன்றிலே, கட்டுரையாசிரியர் தம் தலைப்பிலிருந்த சந்திப்பிழையைப் பிற்காலத்தில் திருத்தியிருந்தார். மற்றையதில் எந்த மாற்றமுமில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அத்தலைப்பைப் பிழையாக அச்சிட்டவன் நான்தான்.